பழகிய கைக்கு எந்தப் பல்லி? – ஒரு தேர்வின் வரலாறு

இங்கிலாந்தில் நெடுங்காலமாக வாழும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டின் இறுதியில் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஊர்வனவற்றை வளர்ப்பதில் முப்பதாண்டுப் பழக்கம் உள்ளவர். பல்லிகளும் ஓணான்களும் அவர் வீட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததுண்டு. இப்போது பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாக இருக்கிறது. அதில் அடுத்து எதைக் குடியமர்த்துவது என்பதே அவருடைய கேள்வி. இரண்டு பெயர்களை எழுதியிருந்தார். ஒன்று, வட ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு. மற்றொன்று, போர்னியோத் தீவின் செவியில்லா உடும்பு. இரண்டையும் விற்போர் இருக்கிறார்கள், இரண்டுக்கும் காகிதங்கள் இருக்கின்றன, இரண்டையும் காப்பாற்றும் அனுபவம் தமக்கு இருப்பதாகவும் நம்புகிறார். "நீங்கள் புத்தகக்காரர்கள். எது என்று சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

எங்களில் எவரும் பல்லி வளர்த்தவர் அல்லர். வீட்டுச் சுவரில் தானாக வந்து வாழும் பல்லியோடு நமக்குள்ள உறவு வேறு. அதற்கு நாம் உணவிடுவதும் இல்லை, அது நம்மிடம் எதையும் கேட்பதும் இல்லை. ஆயினும் கடிதத்தின் நடுவே இருந்த ஒரு பத்தி எங்களை விடவில்லை. 1990களில், தம் முதல் உடும்பாக, ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அன்றைய கையேடுகள் சொன்னபடியே வாரந்தோறும் சுண்டெலிகள் கொடுத்தார். அது கொழுத்து, மந்தமாகி, நான்காம் ஆண்டில் இறந்தது. "நான் எதையும் தவறாகச் செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது" என்று எழுதியிருந்தார். அந்த உறுத்தலுக்கு ஒரு வரலாறு உண்டு என்று எங்களுக்குத் தோன்றியது. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

*

ஊர்வனவற்றுக்கென உலகிலேயே முதன்முதலாகத் தனிக் கட்டடம் எழுப்பிய உயிரியல் பூங்கா லண்டனுடையது. ஆண்டு 1849. வீடுகளில் வளர்ப்போருக்கான நூல்கள் அதன்பின் வரத் தொடங்கின. ஜெர்மன் மொழியில் யோஹான் ஃபான் ஃபிஷர் எழுதிய டெர்ரேரியம் பற்றிய பெருநூல் 1884-லும், ஆங்கிலத்தில் கிரெகரி பேட்மன் என்னும் பாதிரியார் எழுதிய விவேரியம் பற்றிய நூல் 1897-லும் வெளிவந்தன. அக்கால வளர்ப்பாளர் முன்னிருந்த கேள்வி "எதைத் தேர்வது" என்பதன்று. கப்பலில் எது உயிரோடு வந்து சேர்ந்ததோ அதுவே அவருடைய தேர்வு. அதனைச் சில மாதங்களேனும் உயிரோடு வைத்திருப்பதே திறமையாகக் கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதலில் நினைவுகூரத்தக்கவர் ஜோன் பீச்சம் புராக்டர். 1897-ல் லண்டனில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாம்புகளையும் பல்லிகளையும் வளர்த்தார். தால்மேஷியப் பகுதியைச் சேர்ந்த பெரிய பல்லி ஒன்று உணவு மேசையில் அவருடைய தட்டுக்கு அருகில் அமர்ந்திருக்குமாம். பள்ளி வகுப்புக்குச் சிறு முதலை ஒன்றைக் கொண்டுசென்ற கதையும் உண்டு. தீராத குடல் நோயினால் பல்கலைக்கழகம் செல்ல இயலவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் பூலெஞ்சே என்னும் பேரறிஞரின் உதவியாளராக 1916-ல் சேர்ந்தார். 1923-ல், இருபத்தாறாம் வயதில், லண்டன் உயிரியல் பூங்காவின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார்.

புராக்டர் வளர்ப்பாளராக இருந்து அறிஞரானவர். இதனை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 1927-ல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லத்தை அவரே வடிவமைத்தார். ஒரே வெப்பத்தில் கட்டடம் முழுவதையும் வைத்திருக்கும் பழைய முறையை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு கூண்டுக்கும் அதில் வாழும் உயிருக்கேற்ற வெப்பம் வேண்டும் என்றார். புற ஊதாக் கதிரைத் தடுக்காத தனிவகைக் கண்ணாடியைப் பொருத்தினார். பாறைகளையும் குகைகளையும் சிறு மாதிரிகளாகத் தம் கையால் செய்துபார்த்து, பிறகே கட்டச் செய்தார். விலங்கு வருவதற்கு முன் அதன் இல்லம் சிந்திக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

கண்ணாடி பற்றிய செய்தி சிறிதாகத் தோன்றலாம். அதன் பின்னணியைப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. எலும்புருக்கிப் பிள்ளைகளை வளைத்த ரிக்கெட்ஸ் நோயைப் புற ஊதா விளக்கின் ஒளியால் குணப்படுத்தலாம் என்று பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர் காட்டியது 1919-ல். வைட்டமின் டி கண்டறியப்பட்டது 1922-ல். சாளரக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. மனிதக் குழந்தைகளுக்காகக் கண்டறியப்பட்ட உண்மையைச் சில ஆண்டுகளுக்குள் பல்லிகளுக்கும் உரியதாகக் கொண்டார் புராக்டர்.

அதே 1927-ல் இரண்டு கொமோடோ உடும்புகள் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1912-ல்தான், ஜாவாவில் பணியாற்றிய பீட்டர் ஆவன்ஸ் இந்த இனத்தை அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். 1926-ல் டக்ளஸ் பர்டன் என்னும் அமெரிக்கர் பெரும் பயணக் குழுவோடு சென்று உயிருடன் பிடித்து நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவுக்குக் கொண்டுவந்தவை விரைவிலேயே மடிந்துவிட்டன. அந்தப் பயணத்தின் கதை 1933-ல் 'கிங் காங்' திரைப்படத்துக்கு வித்தானது. லண்டனிலோ, வாய்ப்புண்ணோடு வந்த விலங்கைப் புராக்டர் மருத்துவம் பார்த்துத் தேற்றினார். 1928 அக்டோபரில் விலங்கியல் கழகக் கூட்டத்தில், சும்பாவா என்ற பெயருடைய அந்த உடும்பை அறிஞர்கள் நடுவே கட்டின்றி நடமாடவிட்டுத் தம் கையால் உணவு ஊட்டினார். ஒன்றைக் கொண்டுவந்தவர் வீரக்கதை படைத்தார். மற்றொருவர் புண்ணைக் கழுவினார். இந்த இருவகை மனமும் இன்றுவரை பல்லி வளர்ப்போரிடையே தொடர்கின்றன.

புராக்டர் 1931-ல் முப்பத்து நான்காம் வயதில் இறந்தார்.

*

அவர் அறிந்திருந்தது வீடுகளை வந்தடைய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது இந்த இடைவெளியே.

1980களிலும் 90களிலும் அமெரிக்க வீடுகளுக்குள் பச்சை இகுவானா வந்து குவிந்தது. 1990களின் நடுப்பகுதியில் மத்திய, தென் அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து ஆண்டுக்குப் பல லட்சம் குஞ்சுகள் இறக்குமதியாயின. விலை மலிவு, உள்ளங்கையளவு உருவம், கண்ணைக் கவரும் பச்சை. அந்தக் குஞ்சு ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் என்பதை வாங்கியவர் பலர் அறியார். இகுவானா முழுத் தாவரவுண்ணி. இலைகளைப் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து செரிப்பது. அதற்குப் பூனை உணவும் இறைச்சியும் கொடுக்கப்பட்டன; சிறுநீரகங்கள் கெட்டன. புற ஊதாக் கதிர் தரும் விளக்கு வீட்டு வளர்ப்பாளருக்குப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதே 1990களில்தான். அதற்குமுன் ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் "வெயில் காய்ந்த" இகுவானாக்களுக்கு உண்மையில் வெயில் கிடைக்கவில்லை. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து, தாடை ரப்பர்போல் வளைந்து, கால்கள் வீங்கின. வீங்கிய காலைப் பார்த்துச் சதைப்பற்று என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

பிழைத்து வளர்ந்தவற்றைச் சமாளிக்க இயலவில்லை. 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்பது நம்மவர் பழமொழி. ஃபுளோரிடாவில் கைவிடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி, இன்று அம்மாநிலத்தின் தென்பகுதியில் அழிக்கமுடியாத அயலினமாக வாழ்கின்றன. கடுங்குளிர் இரவுகளில் அவை விறைத்து மரத்திலிருந்து விழுவது செய்தியாகிறது.

நண்பரின் புல்வெளி உடும்பும் இதே காலத்தைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியானது. உடும்பென்றால் இறைச்சி தின்னும் என்ற பொதுக்கருத்தே கையேடாக இருந்தது. கானாவின் வயல்வெளிகளில் இவ்விலங்கைத் தொடர்ந்து ஆராய்ந்த டேனியல் பென்னெட், அது பெரும்பாலும் வண்டு, வெட்டுக்கிளி, மரவட்டை போன்ற சிற்றுயிர்களைத் தின்று வாழ்வது என்றும், மண்ணுக்கடியில் ஆழத்தில் பொழுதைக் கழிப்பது என்றும் எழுதினார். ரவி தாகூர்தியாலுடன் அவர் சேர்ந்தெழுதிய நூல் 2003-ல் வந்தது. நண்பருடைய விலங்கு அதற்கு முன்பே இறந்துவிட்டது. கையேட்டை எழுதியவர்கள் அவ்விலங்கின் ஊருக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் தவறு. ஆனால் அந்தத் தவற்றுக்கு விலை கொடுத்தது எழுதியவர்கள் அல்லர்.

*

இனி, இன்று எங்கும் வளர்க்கப்படும் மூன்று பல்லிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் கூண்டுக்கு வந்த வழி வேறு.

முதலாவது, சிறுத்தைப் பல்லி. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், பஞ்சாபின் உப்புமலைத் தொடரிலிருந்து வந்த மாதிரியைக்கொண்டு 1854-ல் இதற்குப் பெயரிட்டார். விரலில் ஒட்டும் தகடு இல்லை. ஆகவே கண்ணாடியில் ஏறாது. இதற்கு இமை உண்டு. வாலில் கொழுப்பைச் சேமித்து வறட்சியைத் தாங்கும். இருபதாண்டு வாழவும் கூடும். எளிதில் பெருகியதால் வண்ணங்களுக்காகப் பெருக்கப்பட்டது. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற மின்னும் மஞ்சள் வகை பெருவிலைக்கு விற்றது. அந்நிறத்தைத் தந்த மரபணு மாற்றமே நிறமணுக்களில் புற்றுக்கட்டிகளையும் தந்தது என்பது 2021-ல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. எளிய பல்லி என்பதால் எளிய பொறுப்பு என்று ஆகிவிடாது.

இரண்டாவது, தாடி ஓணான். பெர்லின் அருங்காட்சியகத்தின் எர்ன்ஸ்ட் ஆல் 1926-ல் பெயரிட்டது. ஆஸ்திரேலிய உள்நாட்டின் வறண்ட நிலத்தது. 1960களிலிருந்தே அந்நாடு தன் வன உயிர்களின் வணிக ஏற்றுமதிக்குக் கதவடைத்துவிட்டது. எனினும் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைதோறும் இருக்கிறது. பிற்காலத்தில் களவாகக் கடல் கடந்த சிலவற்றின் வழித்தோன்றல்களே இவற்றுள் பெரும்பாலானவை என்பது வளர்ப்போர் அறிந்ததே. இதன் முட்டைகள் 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அடைகாக்கப்பட்டால், மரபணுவால் ஆணாக இருக்கவேண்டியவை பெண்ணாகப் பொரிக்கும் என்பது 2007-ல் வெளியான ஆய்வு. பெட்டியின் வெப்பமானி எத்தகைய அதிகாரம் படைத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லி. 1866-ல் அல்ஃபோன்ஸ் கிஷெனோ பெயரிட்டார். கண்ணுக்கு மேல் இமைமயிர்போல் நிற்கும் முட்களால் வந்த பெயர். பின்னர் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் அழிந்ததாகவே கருதப்பட்டது. 1994-ல் ராபர்ட் ஸைப் தலைமையில் சென்ற ஜெர்மானியக் குழு புயலுக்குப் பின் அதைத் திரும்பக் கண்டது. அன்று கொண்டுவரப்பட்ட சிலவற்றின் சந்ததி இன்று கணக்கிலடங்காது. கடும் வெப்பம் தேவையில்லை. பழக்கூழ் போன்ற உணவு போதும். வால் அறுந்தால் மட்டும் மீண்டும் முளைக்காது.

மூன்று கதைகளிலும் ஒரு பொதுமை இருக்கிறது. கூண்டிலேயே பிறந்த தலைமுறைகள் பெருகியதும், காட்டிலிருந்து பிடிக்கவேண்டிய தேவை குறைந்தது. முதல் தலைமுறை வந்த வழி எப்போதும் நேர்வழியாக இருந்ததில்லை. பிள்ளைகளின் மீது அப்பழியைச் சுமத்துவது முறையா என்பது நண்பரிடம் நாங்கள் கேட்ட கேள்வி. இறந்தகாலத்துக் களவு, நிகழ்காலத்துக் களவு என்று இரண்டு உண்டு என்று பதில் எழுதினார். முன்னதை நாம் திருத்த முடியாது. பின்னதில் பணம் கொடுக்கும்போது நாமும் ஒரு கையாகிறோம்.

*

செவியில்லா உடும்பின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது.

வியன்னாவின் ஃப்ரான்ஸ் ஷ்டைன்டாக்னர் 1878-ல் இதனை விவரித்தார். ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் நீளம். முதலைபோல் வரிவரியாகச் செதில். காதுத் துளை இல்லை. தன் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இனம். ஓடையோரத்தில் மறைந்து வாழ்ந்து இரவில் நடமாடுவது. நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் பார்த்தவை மிகச் சில. மலேசியாவில் 1971-லும், புருனேயில் 1978-லும், இந்தோனேசியாவில் 1980-லும் சட்டம் இதற்குப் பாதுகாப்பளித்தது. மூன்று நாடுகளிலிருந்தும் ஒன்றைக்கூட வணிகத்துக்கு எடுத்துச்செல்ல வழியில்லை.

மேற்குக் கலிமந்தானில் இது இருப்பதை முதன்முறையாகப் பதிவுசெய்த கட்டுரை 2012-ல் வந்தது. வெளியிட்டது, நம் கோயம்புத்தூரிலிருந்து வரும், அருகிவரும் உயிரினங்களுக்கான ஆய்விதழ். காப்பதற்காக எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அடுத்த ஈராண்டுக்குள் ஐரோப்பியச் சந்தையில் இவ்விலங்குகள் விலைகூறப்பட்டன. கட்டுரையே வேட்டைக்காரருக்கு வழிகாட்டியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. 2016-ல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்தவற்றின் வணிக ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு பூச்சியம். இப்போது விற்கப்படுபவை கூண்டில் பிறந்தவை என்றே சொல்லப்படுகின்றன. பலவும் அப்படிப் பிறந்தவையே. ஆனால் கொண்டைப் பல்லிபோல் வெள்ளமாய்ப் பெருகும் இனமன்று இது. இடும் முட்டைகள் சில. அரிதாக இருக்கும்வரை விலை உண்டு. விலை இருக்கும்வரை காட்டுக்குப் போகும் ஆள் உண்டு. அவன் பிடித்ததற்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.

முள்வால் உடும்பு வேறு வகை. ஜோன் புராக்டருக்கு ஆசானாக இருந்த அதே பூலெஞ்சே 1885-ல் பெயரிட்டது. வாலோடு சேர்த்து அறுபது, எழுபது சென்டிமீட்டர். இதுவும் ஆஸ்திரேலியாவினது, இதன் முன்னோர் கடல் கடந்த வழியும் தாடி ஓணானின் வழியை ஒத்ததே. ஆனால் பல தலைமுறைகளாகக் கூண்டில் பெருகிவருவது. இதற்கு வேண்டியவை எளியவை அல்ல. குடைந்து புகுவதற்கு ஆழமான மண் வேண்டும். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 60 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். மறுபுறம் குளிர்ந்திருக்க வேண்டும். உணவு பெரும்பாலும் பூச்சிகள். புற ஊதாக் கதிரின் அளவைக் கருவியால் அளந்து வைக்க வேண்டும். காட்டில் சில பல்லி இனங்கள் எவ்வளவு கதிரைத் தாமாக நாடுகின்றன என்று கேரி ஃபெர்குசனும் தோழர்களும் 2010-ல் அளந்து வெளியிட்டனர். புராக்டரின் கண்ணாடிக்கு எண்ணாலான விடை அன்றுதான் கிடைத்தது எனலாம்.

வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இவையெல்லாம் இங்கிலாந்து நண்பருக்கான கணக்குகள். நம் ஊர் உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

*

அனுபவம் ஒருவரை எங்கே கொண்டுசெல்கிறது என்பதே இந்தத் தேர்வின் உள்ளீடு என்று எங்களுக்குப் படுகிறது. எளியதை வளர்த்தவன் அரியதற்கு உயர்வான் என்ற எண்ணம், தபால்தலை சேர்ப்பவரின் எண்ணம். அதில் விலங்கு ஒரு பதக்கமாகிவிடும். பழகிய கை, மற்றவர் தர இயலாத ஒன்றைத் தரவல்லது: சரியான மண், சரியான கல், சரியான ஒளி. அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தக்க உயிர் எது என்று கேட்டால் விடை வேறாகிறது. இவ்வாறே எழுதி, எங்கள் ஓட்டு முள்வாலுக்கு என்று முடித்தோம். கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று அவருக்கு நாங்கள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அண்மையில் பதில் வந்தது. முள்வாலுக்கென்று பெட்டியை மாற்றியமைத்துவிட்டார். அரை மீட்டர் ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து இட்டிருக்கிறார். கல்லின் வெப்பத்தையும் விளக்கின் கதிரையும் நாள்தோறும் மும்முறை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறார். மூன்று மாதம் இப்படி ஓடி, எண்கள் நிலைபெற்ற பிறகே வளர்ப்பவரிடம் சொல்வாராம். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், தாம் இன்னும் 1990களிலேயே இருப்பதாகப் பொருள் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தோடு ஒரு புகைப்படம். விளக்கெரியும் வெறும் பெட்டி. கல், மண், ஒரு காய்ந்த கிளை. பல்லி இல்லை.